குடல் உள்நோக்கிச் சோதனை: யாருக்கு, எப்போது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை?

நமது சங்கச் செயற்குழுக் கூட்டம் முடிந்து உறுப்பினர்கள் காபி அருந்திக்கொண்டிருந்த வேளையில், இரண்டு நண்பர்களின் பேச்சு நம் காதில் விழுந்தது. ஒருவர் காந்தி மார்க்கெட் பகுதியில் பருப்பு, பயறு வகைகளில் மொத்த வியாபாரம் செய்பவர். மற்றவர் ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் மளிகைக் கடை வைத்திருப்பவர்.

"இந்த வருஷமும் குடல்ல டியூப் விட்டுப் பார்த்துட்டேன் அண்ணாச்சி. மூணு வருஷமா விடாம பார்க்கிறேன். சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டாங்க" என்றார் ஸ்ரீரங்கத்து நண்பர்.

"நீங்க கொடுத்து வச்சவரு தம்பி. நான் ஒரே ஒரு தடவை பார்க்கிறதுக்கு எட்டு மாசம் தள்ளிப் போட்டேன்" என்றார் அண்ணாச்சி.

இருவர் அனுமதியும் பெற்றே இதை எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்றார்கள். ஒருவர் பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்கவில்லை. மற்றவர் பார்க்கத் தேவையில்லாத நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார். நம் கடைவீதியில் இந்த இரண்டு வகையினரும் நிறையவே இருக்கிறார்கள் என்பது விசாரித்ததில் தெரிந்தது. ஆகவே குடல் நோய் மருத்துவர் ஒருவரிடம் கேட்டும், வெளிவந்துள்ள வழிகாட்டு நெறிகளைப் படித்தும் தெரிந்துகொண்டதை உறுப்பினர்கள் முன் வைக்கிறோம்.

அண்ணாச்சியின் கதையை முதலில் சொல்லிவிடலாம். ஆடிப்பெருக்குக்கு முந்தைய வாரம் மலத்தில் ரத்தம் கண்டிருக்கிறது. வயது 54. நாள் முழுதும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர், காரம் விரும்பிச் சாப்பிடுபவர். மூலம் என்று தாமே முடிவு கட்டிக்கொண்டார். பக்கத்துக் கடைக்காரர் துத்திக் கீரை சொன்னார். மருந்துக் கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். ரத்தம் நிற்கும், மறுபடி வரும். தீபாவளிச் சரக்கு இறங்கும் நேரம், கடையை விட முடியாது. அது முடிந்ததும் வைகுண்ட ஏகாதசி, ஸ்ரீரங்கத்துக் கடைகளுக்கெல்லாம் சரக்கு போக வேண்டும். அடுத்தது பொங்கல். அப்புறம் மார்ச் மாதக் கணக்கு முடிப்பு. ஏப்ரலில் லாரி லோடு இறங்கும்போது தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8 என்று வந்தது. அதன் பிறகுதான் கொலோனோஸ்கோப்பி. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் கட்டி. பயாப்ஸியில் புற்றுநோய் என்று உறுதியாயிற்று. அறுவை சிகிச்சை, பிறகு ஆறு மாதம் மருந்து. அவ்வளவு நாளும் தம்பிதான் கடையைப் பார்த்துக்கொண்டார்.

ரத்தம் வருவோரில் பெரும்பாலோருக்கு உண்மையிலேயே மூலம்தான் என்பதை நாம் மறுக்கவில்லை. மருத்துவரும் அதையேதான் சொன்னார். ஆனால் மூலம் இருப்பவருக்குக் கட்டி வராது என்று எந்தச் சட்டமும் இல்லை. இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். சுவரில் ஒட்டியுள்ள 'மூலம், பௌத்திரம்' விளம்பரத்தைப் பார்த்து வைத்தியம் செய்துகொள்பவருக்கு எது எங்கிருந்து கசிகிறது என்று எப்படித் தெரியும்?

மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் ஓராண்டில் புதிதாக வந்த 800 பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2017-இல் வெளியானது. அவர்களின் சராசரி வயது 47. நூற்றுக்கு 57 பேருக்கு ஆசனவாய் வழியே ரத்தம் போயிருக்கிறது. சராசரியாக 4 மாதம் தொந்தரவோடு இருந்துவிட்டே வந்திருக்கிறார்கள். நம் நாட்டில் இளவயதினர் தொகை அதிகம் என்பதால் சராசரி வயது சற்றுக் குறைந்து தெரியலாம். இருந்தாலும் 'எனக்கு 45-தானே, இது வயதானவர்கள் நோய்' என்று தள்ளிவிட முடியாது என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆகவே ரத்தம் போனாலும், மலம் கழிக்கும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருந்தாலும், காரணமின்றி எடை குறைந்தாலும், ஆண்களுக்கோ மாதவிலக்கு நின்ற பெண்களுக்கோ ரத்தசோகை கண்டாலும், வயதையும் ஆண்டுக் கணக்கையும் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை. தொந்தரவு ஏதும் இல்லாதவர் முன்னெச்சரிக்கையாகச் செய்துகொள்வது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒருவர் தாமதிக்கிறார், மற்றவர் ஆண்டுதோறும் செய்கிறார்.

பாலிப் என்னும் சரக்கு

தொந்தரவு இல்லாதவர் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். பெருங்குடல் சுமார் 5 அடி நீளம். அதன் உட்சுவரில் சிலருக்குச் சிறு சதை வளர்ச்சி உண்டாகிறது. அதைப் பாலிப் என்கிறார்கள். அவற்றில் அடினோமா என்ற வகை, எல்லாம் அல்ல, சில மட்டும், பல ஆண்டுகளில் வளர்ந்து புற்றுநோயாக மாறுகின்றன. பெரும்பாலும் இதற்கு 10 ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கிறது. இந்த மெதுவான போக்குதான் நமக்குக் கிடைத்த அவகாசம். 1969-இல் நியூயார்க்கில் வில்லியம் உல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இரு மருத்துவர்கள் உள்நோக்கிக் குழாய் வழியே கம்பிச் சுருக்கை விட்டு, வயிற்றைத் திறக்காமலேயே பாலிப்பை அறுத்து எடுத்தார்கள். 1993-இல் அமெரிக்காவின் தேசிய பாலிப் ஆய்வு வெளியாயிற்று. பாலிப் அகற்றப்பட்ட 1,418 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், எதிர்பார்த்ததைவிடப் புற்றுநோய் வெகுவாகக் குறைந்திருந்தது.

அதற்காக இது எல்லோரையும் காப்பாற்றும் கவசம் என்று சொல்லிவிடவும் கூடாது. போலந்து, நார்வே, சுவீடன் நாடுகளில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. ஒரு பகுதியினருக்குக் கொலோனோஸ்கோப்பிக்கு அழைப்பு அனுப்பினார்கள், மற்றவர்களுக்கு அனுப்பவில்லை. 10 ஆண்டு கழித்துப் பார்த்தால், அழைக்கப்படாதவர்களில் 10,000 பேருக்கு 120 பேர் வீதம் நோய் கண்டது. அழைக்கப்பட்டவர்களில் அது 98. என்ன இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அழைப்புப் பெற்றவர்களில் நூற்றுக்கு 42 பேர்தான் வந்து சோதனை செய்துகொண்டார்கள். வராதவருக்கு மருத்துவமனை என்ன செய்ய முடியும்? உண்மையில் வந்தவர்களுக்கு மட்டும் கணக்கிட்டால் பலன் இதைவிடக் கூடுதல். நம் சங்கக் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பி எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டோம்.

இதில் சிறு ஆபத்தும் உண்டு. அமெரிக்கக் கணக்குப்படி முன்னெச்சரிக்கைச் சோதனை செய்துகொள்ளும் 10,000 பேரில் சுமார் 3 பேருக்குக் குடலில் துளை விழலாம். சுமார் 15 பேருக்குக் கடுமையான ரத்தக் கசிவு ஏற்படலாம். பலன் இருக்கும்போது இந்த ஆபத்தை ஏற்கலாம். பலனே இல்லாமல் வருடா வருடம் ஏற்பது எதற்கு? ஸ்ரீரங்கத்து நண்பருக்கு வயது 52. குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லை. முதல் முறையே குடல் சுத்தம் என்று வந்தது. அவர் அடுத்துப் பார்க்க வேண்டியது 10 ஆண்டு கழித்து. 'வசதி இருக்கிறது, பார்த்து வைப்போமே' என்று செய்துகொண்டாராம். சோதனை செய்த இடத்திலும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எந்த இடம் என்பது நமக்கு முக்கியம் அல்ல. சில ஆயிரங்கள் மூன்று முறை போயின. அதே பணத்துக்கு வீட்டில் உள்ள 50 வயது கடந்த மற்ற இருவரும் பார்த்திருக்கலாம்.

எந்த வயதில், எத்தனை ஆண்டுக்கு

அமெரிக்க அரசு அமைத்த நிபுணர் குழு முன்பு 50 வயது என்று வைத்திருந்ததை 2021-இல் 45 ஆக்கியது. 75 வரை பார்க்கச் சொல்கிறது. அதற்கு மேல் 85 வரை உடல்நிலை பார்த்து மருத்துவரோடு பேசி முடிவு செய்வது. ஆனால் நம் நாட்டு நிலைமை வேறு. 2022-இல் உலகம் முழுவதும் 19 லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு இந்த நோய் கண்டது. இந்தியாவில் சுமார் 70 ஆயிரம் பேருக்கு. நம் மக்கள்தொகைக்கு இது குறைவு. நம் மத்திய அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றுமே இருக்கின்றன, குடல் இல்லை. ஆகவே தொந்தரவில்லாத நம்மவர் ஒவ்வொருவரும் கொலோனோஸ்கோப்பி செய்தே தீர வேண்டும் என்று நாம் எழுதப்போவதில்லை. மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டியது அது.

முதலில் எளிதான சோதனை ஒன்றும் இருக்கிறது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்துள்ள ரத்தத்தைக் கண்டுபிடிப்பது. ஃபிட் டெஸ்ட் என்பார்கள். ஜப்பான் 1992 முதல் நாடு முழுவதும் இதைத்தான் செய்கிறது. நம் திருச்சிக்காரர்களின் உறவினர்கள் நிறைந்த சிங்கப்பூரிலும் 50 வயது ஆனவர்கள் இதை ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ளலாம் என்று அரசு சொல்கிறது. அங்கிருந்து விடுமுறைக்கு வரும் மாமாவையோ அத்தையையோ கேட்டால் அந்தச் சிறு குப்பியைப் பற்றிச் சொல்வார்கள். வீட்டிலேயே மாதிரி எடுத்துக் கொடுத்துவிட வேண்டியதுதான். ரத்தம் இல்லை என்றால் அடுத்த ஆண்டு மறுபடி பார்க்கலாம். இருக்கிறது என்றால் கொலோனோஸ்கோப்பி கட்டாயம், அதுவும் சில மாதங்களுக்குள். இன்னொரு முறை ஃபிட் செய்து 'இல்லை' என்று வந்தால் விட்டுவிடலாம் என்று நினைப்பது, செல்லாத நோட்டை வேறு கடையில் மாற்றப் பார்ப்பது போலத்தான். கண்ணுக்குத் தெரிய ரத்தம் போகிறவருக்கு இந்தச் சோதனை கிடையாது. அவர் நேரே மருத்துவரிடம் போக வேண்டும்.

குடும்பத்தில் நோய் இருந்தால் கணக்கே வேறு. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு 60 வயதுக்கு முன் நோய் கண்டிருந்தால், மற்றவர்கள் 40 வயதிலோ, நோய் கண்டவரின் அப்போதைய வயதுக்கு 10 ஆண்டு முன்னதாகவோ, இரண்டில் எது முந்தியதோ அப்போது கொலோனோஸ்கோப்பியைத் தொடங்க வேண்டும். பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை. குடும்பத்தில் பலருக்கு, அதுவும் இளவயதிலேயே வந்திருந்தால் இது பரம்பரை வகையாக இருக்கலாம். அவர்கள் 20, 25 வயதிலேயே தொடங்க வேண்டியிருக்கும். ஆண்டுக்கொரு முறையோ இரண்டாண்டுக்கொரு முறையோ பார்ப்பது இவர்களுக்குத்தான் பொருந்தும். நெடுநாள் குடல் அழற்சி உள்ளவர்களும் சுமார் 8 ஆண்டுக்குப் பின் தொடர் கண்காணிப்பில் இருக்க வேண்டியவர்கள்.

பாலிப் எடுக்கப்பட்டவர்களுக்கு அதன் எண்ணிக்கையும் அளவும்தான் அடுத்த தேதியை முடிவு செய்கின்றன. 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த அடினோமா ஒன்றோ இரண்டோ என்றால் 7 முதல் 10 ஆண்டு. மூன்று, நான்கு என்றால் 3 முதல் 5 ஆண்டு. ஐந்து முதல் பத்து வரை இருந்தாலோ, ஒன்றே ஆனாலும் 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தாலோ 3 ஆண்டு. பத்துக்கு மேல் இருந்தால் ஓராண்டு. இது 2020-இல் வெளியான அமெரிக்க நெறி. 'பாலிப் இருந்தது' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் போகிறவர்களும் உண்டு, பெரிய பாலிப் எடுத்துவிட்டு 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று மறந்துபோனவர்களும் உண்டு. இரண்டாமவர்தான் கவலைக்குரியவர்.

அதனால்தான் ரிப்போர்ட்டைப் பற்றி அழுத்திச் சொல்கிறோம். நாம் பத்திரத்தைப் பீரோவில் வைப்போம், வரி ரசீதைக் கோப்பில் வைப்போம். மருத்துவ ரிப்போர்ட்டை மட்டும் எங்கோ போட்டுவிட்டு அடுத்த மருத்துவரிடம் 'நார்மல்னு சொன்னாங்க' என்போம். அதில் பார்க்க வேண்டியவை சில உண்டு. குழாய் பெருங்குடலின் ஆரம்பப் பகுதியான சீக்கம் வரை போயிற்றா? குடல் நன்றாகச் சுத்தமாக இருந்ததா? பாலிப் எத்தனை, என்ன அளவு, பயாப்ஸியில் என்ன வகை? கடைசியாக, அடுத்த சோதனை எப்போது? சுத்தம் போதவில்லை என்று எழுதியிருந்தால் அந்தச் சோதனையை நம்பி 10 ஆண்டு சும்மா இருக்க முடியாது; ஓராண்டுக்குள் மறுபடி செய்ய வேண்டும்.

சுத்தம் செய்வது நம் கையில்

சோதனையில் பாதி வேலை நம்முடையது. அதுவும் மளிகைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. எந்தச் சரக்கில் விதை இருக்கிறது, எதில் தோல் இருக்கிறது என்று நமக்குத் தெரியாததா? இரண்டு மூன்று நாள் முன்னதாகவே கீரை, முழுப்பயறு, கேழ்வரகு, எள், கசகசா, கொய்யா, தக்காளி விதை எல்லாம் நிறுத்தவேண்டும். கடுகு தாளித்த ரசமும் வேண்டாம். வெள்ளைச் சாதம், இட்லி, தயிர் போதும். முதல் நாள் இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பால் சேர்க்காத டீ போன்ற தெளிந்த நீர் மட்டும். சிவப்பு நிறப் பானம் கூடாது, உள்ளே ரத்தம் போலத் தோன்றும். பிறகு மருந்துப் பொடியைத் தண்ணீரில் கரைத்து லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். பாதியை முதல் நாள் மாலையிலும் மீதியைச் சோதனை நாள் காலையிலும் குடிப்பது நன்றாகச் சுத்தம் செய்கிறது. சுவை நன்றாக இராது. மலம் தெளிந்த மஞ்சள் நீராக வரும்வரை விடக்கூடாது. அண்ணாச்சி இதைப் பற்றிச் சொன்ன சொற்களை அச்சில் போட முடியாது.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின் போடுபவர்கள் அளவை மாற்ற வேண்டியிருக்கும். இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் நம்மில் பலர். தாமாக நிறுத்தக்கூடாது, முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்தப் பொடி என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மயக்க ஊசி போட்டால் அன்று வண்டி ஓட்டக்கூடாது. புத்தூரில் சோதனை முடித்துவிட்டு ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போய்க் கடை திறந்துவிடலாம் என்று திட்டம் போட வேண்டாம். ஒரு நாள் கடையைத் தம்பியோ மகனோ பார்க்கட்டும். மே 5 வணிகர் தினத்துக்கு அடைக்கிறோம் அல்லவா, அதுபோல இன்னொரு நாள்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தின் மீதிருந்த 18 சதவிகித ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது நல்ல செய்தி. ஆனால் சோதனைக்காக மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்வதைப் பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை. முன்னெச்சரிக்கைச் சோதனைச் செலவு பெரும்பாலும் நம் கல்லாவிலிருந்துதான் போகும். பாலிசியைப் படித்துவிட்டுப் போவது நல்லது. வசதி குறைந்த உறுப்பினர்களும் கடை ஊழியர்களும், ரத்தம் போகிறது என்றால், புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குப் போகத் தயங்க வேண்டாம். அது கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. முத்தமிழ்க் காவலர் கி.ஆ.பெ. நம் திருச்சி வணிகர்களில் ஒருவர் என்பதை இளைய உறுப்பினர்கள் அறிய வேண்டும்.

இனி அண்ணாச்சியின் வீட்டுக் கணக்குக்கு வருவோம். அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டில் ஒருமுறை கொலோனோஸ்கோப்பி பார்த்தார்கள்; நலம். அடுத்து 3 ஆண்டு கழித்து, அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை. அவருக்கு 54-இல் நோய் கண்டதால் மகனுக்கு 40 வயதில் தொடங்க வேண்டும், இப்போது 26. கடையைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கு 47, உடனே பார்க்கச் சொன்னார்கள். பார்த்தார், ஒன்றுமில்லை. கும்பகோணத்தில் கட்டிக்கொடுத்த தங்கையை முதலில் யாரும் நினைக்கவில்லை. வேறு வீட்டுக்குப் போய்விட்டவர் என்றுதான் குடும்பமே இருந்திருக்கிறது. மருத்துவர் கேட்ட பிறகே அவரை அழைத்து வந்தார்கள். அவருக்கு வயது 50, எந்தத் தொந்தரவும் இல்லை. இரண்டு பாலிப்புகள் இருந்தன. இரண்டும் 5 மில்லிமீட்டருக்கும் குறைவு, அடினோமா வகை. அப்போதே எடுத்துவிட்டார்கள். குடும்பத்தில் நோய் இருப்பதால் அடுத்த சோதனை 5 ஆண்டில்.

ஸ்ரீரங்கத்து நண்பர் தம் மூன்று ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு போய் அதே மருத்துவரிடம் காட்டினார். சீக்கம் வரை பார்த்திருக்கிறார்கள், சுத்தம் நன்று, பாலிப் இல்லை. கடைசியாகப் பார்த்தது 2025. இனி 2035-இல் வந்தால் போதும், இடையில் ரத்தமோ வேறு தொந்தரவோ கண்டால் மட்டும் உடனே வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாராம். நண்பர் அந்த ஆண்டைக் கடைப் பேரேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.